நாரி ஊசி போடப் போறவைக்கு

நாரியிலிருந்து கால்வரை இழுக்கிற வலிக்கு எபிடியூரல் ஊசி எண்டதும் பயப்பட வேண்டாம். மருந்து முள்ளந்தண்டு வடத்துக்குள்ள போறதில்லை. அதைச் சுத்தியிருக்கிற சவ்வுக்கு வெளியிலதான் விடுவினம். இன்னொரு வகையான நரம்புத் தடுப்பு ஊசி, வலி தாற ஒரு குறிப்பிட்ட நரம்புக்குப் பக்கத்தில போடுறது.

ஊசியில விறைப்பு மருந்தும், வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீரொயிட் மருந்தும் இருக்கும். விறைப்பு மருந்து சில மணித்தியாலம்தான் நிக்கும். ஸ்டீரொயிட் வேலை தொடங்க 2 முதல் 7 நாள் எடுக்கலாம். இடையில வலி திரும்பினால் ஊசி பிழைச்சுப்போச்சு எண்டு நினைக்காதேங்கோ.

மூதூர், கிண்ணியாவில இருந்து திருகோணமலைக்கு வாறவை தனிய மோட்டச்சைக்கிளில வரவே வேண்டாம். ஊசிக்குப் பிறகு காலை ஊண்டினால் பஞ்சில மிதிச்ச மாதிரி இருக்கலாம். பிரேக்கை எவ்வளவு அமத்துறம் எண்டே தெரியாமல் போகலாம்.

சீனி வருத்தம் இருந்தால் சில நாளைக்குச் சீனி ஏறும், அடிக்கடி பாருங்கோ. வார்ஃபரின், குளோபிடோகிரல் போல ரத்தம் உறையாமலிருக்கிற மருந்து குடிக்கிறவை முதலே டொக்டரிட்டச் சொல்லோணும். நீங்களா நிப்பாட்டக் கூடாது, அது நெஞ்சுக்கும் மூளைக்கும் ஆபத்து.

எழும்பி இருக்கத் தலையிடிச்சு, படுக்கக் குறைஞ்சால் சவ்வில துளை விழுந்திருக்கலாம். போட்ட இடத்துக்கே அறிவியுங்கோ. காய்ச்சல், சலம் போகாமை, கால் பலமிழக்கிறது வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.