கரடிப்போக்குச் சந்தியில் நின்றுகொண்டு

கிளிநொச்சி 1936இல், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கத் தொடங்கப்பட்ட குடியேற்றத்தோடு வளர்ந்த நகரம் என்பதால், இதற்கென்ன பழமை என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கரடிகள் கடந்து போன காட்டுத்தடத்தைக் கரடிப்போக்கு என்றும், கண்டி வீதியின் மைல்கல்லை வைத்து 155ஆம் கட்டை என்றும், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வாய்க்காலின் இலக்கத்தால் உருத்திரபுரத்துக் குடிமனைகளை 8ஆம் வாய்க்கால், 10ஆம் வாய்க்கால் என்றும் இன்றுவரை அழைக்கும் ஊரில், காடும் வீதியும் வயலும் பெயர்களிலேயே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. போரில் வீழ்ந்த நீர்த்தாங்கியைப் படமெடுக்க வருபவர்கள் இந்தப் பெயர்ப்பலகைகளையும் சற்று நின்று வாசிக்கலாம். 1984இல்தான் கிளிநொச்சி தனி மாவட்டமானது. பெயர்களோ அதற்கு வெகுகாலம் முந்தியவை.