லேபிள் போன இடம்

ஜூன் 3
லினக்ஸில் ஆர்பிஎம் பொதியை (மென்பொருளை நிறுவும் தொகுப்பு) நிறுவியாயிற்று, சர்வீஸும் எழுந்துவிட்டது. கோப்பை அப்லோடு செய்தால் மட்டும் ‘அனுமதி இல்லை’. உரிமையாளர் சரி, 755 என்ற அனுமதி எண்ணும் சரி. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில், லேபிளையும் காட்டும் பெரிய இசட் சேர்த்துப் பார்த்தேன். டேட்டா அடைவின் மேல் யுஎஸ்ஆர்_டி லேபிள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று லேபிளை வைத்து முடிவு செய்வது எஸ்இலினக்ஸ். ஆப்ட் அடைவுக்குக் கீழே எதை வைத்தாலும் அதன் பாலிசி வழக்கமாகத் தருவது யுஎஸ்ஆர்_டிதான். வலை சர்வரான அப்பாச்சி அதைப் படிக்கலாம், எழுத முடியாது. சிஎச்கான் கட்டளையால் லேபிளை மாற்றினேன், ஓடியது. சரி, தூங்கலாம்.

ஜூன் 4
லேபிளைப் பாலிசிப்படி திருப்பிவிடும் ரெஸ்டோர்கான் கட்டளையை யாரோ ஓட்ட, மறுபடி யுஎஸ்ஆர்_டி. சிஎச்கான் கோப்பின் மேல் எழுதுவதோடு சரி, பாலிசிக்கு அது தெரியாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், சோம்பல்.

இப்போது பொதியைக் கட்ட உதவும் ஸ்பெக் கோப்பில், நிறுவியதும் ஓடும் போஸ்ட் பகுதியில், லேபிளைப் பாலிசியிலேயே பதியும் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் விதி, அடுத்த வரியில் ரெஸ்டோர்கான். இரண்டும் வேண்டும்: ஆர்பிஎம் கோப்புகளை இறக்கும்போதே அப்போதிருக்கும் பாலிசிப்படி லேபிள் ஒட்டிவிடுகிறது, நம் விதி அதற்கப்புறம்தான் வருகிறது. நீக்கும்போது குப்பை தங்கக் கூடாதென்று, பொதி போனபின் ஓடும் போஸ்ட்அன் பகுதியில் விதியை அழித்து லேபிளைத் திருப்பும் வரிகளையும் சேர்த்தேன். பதிப்பு 1.0 போயிற்று.

ஜூன் 9
1.0-இலிருந்து 1.1-க்கு மேம்படுத்தினால் அப்லோடு படுத்துவிடுகிறது. புதிதாக நிறுவினால் பிரச்சினையே இல்லை! அரை நாள் போனது. மேம்படுத்தலில் புதிய பொதியின் போஸ்ட் முதலில் ஓடும், பழையதன் போஸ்ட்அன் பிறகுதான் ஓடும். புதியது போட்ட விதியைப் பழையது போகிற போக்கில் துடைத்துவிடுகிறது.

போஸ்ட்அன்னுக்கு ஆர்பிஎம் ஓர் எண்ணைத் தரும்: 0 என்றால் முழு நீக்கம், 1 என்றால் மேம்படுத்தல். 0 வந்தால் மட்டும் அழி என்று மாற்றி 1.2 கட்டினேன்.

ஜூன் 10
1.2-உம் அதே கதை. ஒரு கணம் கணினியைச் சந்தேகப்பட்டேன். திருத்தியது 1.2-இன் போஸ்ட்அன், ஓடுவதோ ஏற்கெனவே நிறுவியிருக்கும் 1.1-உடையது. வெளியே போன பிழையை இனி தொட முடியாது, ஒருமுறை ஓடியே தீரும். அதற்கும் பின்னால் ஓடுவது புதிய பொதியின் போஸ்ட்டிரான்ஸ். விதியையும் ரெஸ்டோர்கானையும் அங்கே நகர்த்தினேன்.

“பெர்மிசிவில் போட்டுவிடேன்” என்றார் பக்கத்து இருக்கை நண்பர், அதாவது எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கட்டும் என்று. பதில் சொல்லவில்லை.

ஜூன் 11
1.0-இலிருந்தும் 1.1-இலிருந்தும் மேம்படுத்திப் பார்த்தேன். அப்பாச்சியை எழுத விடும் ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி லேபிள் அப்படியே நிற்கிறது. பதிவுகளைத் தேடும் ஏயுசர்ச்சில் ஏவிசி மறுப்பு, அதாவது எஸ்இலினக்ஸ் தடுத்ததற்கான பதிவு, ஒன்றுகூட இல்லை.