வாயுப் பிடிப்பு என்று நம்பிய இரண்டரை மணி நேரம்

கடந்த தை மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, கொளத்தூரில் உள்ள எங்கள் வீட்டில் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முந்தைய இரவு திருமண வரவேற்பு ஒன்றில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்ததால் வாயுப் பிடிப்பு என்று அவரே முடிவு கட்டிவிட்டார், நாங்களும் நம்பினோம். அம்மா ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார், நான் முதுகை நீவிவிட்டேன், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். ஆறரை மணிக்கு அவர் பனியன் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்ததையும், வலி தாடை வரை ஏறிவிட்டதாக அவர் முனகியதையும் கண்ட பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். 108-ஐ அழைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்த சில நிமிடங்களில் மாரடைப்பு என்று சொன்னார்கள். அப்பாவுக்கு வயது 54.

இதயம் உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பினாலும், தன் தசைக்கு வேண்டியதை, மகாதமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு சிறு தமனிகளின் வழியாகத்தான் பெறுகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள அவற்றின் உட்சுவரில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு புகுந்து, அழற்சியை உண்டாக்கி, ஆண்டுக்கணக்கில் படிவாகத் திரள்வதே இதயத் தமனி நோய். எங்கள் போர்வெல் தண்ணீர் குழாயில் உப்பை ஏற்றுவதுபோல அடைப்பு மெல்ல மெல்ல முழுமையாகி மாரடைப்பு வருகிறது என்றே நான் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. பாதி வழியைக்கூட மறைக்காத மென்மையான படிவு ஒன்றின் மேலுறை திடீரென்று கிழிகிறது. அங்கே ரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டி சிறிது நேரத்திலேயே வழியை அடைத்துவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் தணியும் முன்னெச்சரிக்கை பலருக்கு வராமலே போவதற்கு இதுவே காரணம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போவதால் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ அசதியாகவோ வெளிப்படலாம். பெண்களுக்கும் அப்படி நேர்வதுண்டு.

இதயத் தமனிகளுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் பதிவை மருத்துவர் எனக்குத் திரையில் காட்டினார். சாயம் பாய்ந்த தமனிகள் கருத்த வேர்களைப் போலக் கிளைவிட்டிருந்தன. இதயத்தின் முன்புறம் இறங்கும் பெரிய கிளை மட்டும் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் நின்றது. மணிக்கட்டுத் தமனி வழியே நுழைத்த பலூனை விரித்து, வழியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டைப் பொருத்திய பிறகு எடுத்த அடுத்த காட்சியில், அதே வேர் நுனி வரை ஓடியது. கண்கொண்டு பார்த்தபோதும், இடைப்பட்ட நேரத்தில் இறந்துபோன தசை திரும்பாது என்பதே நெஞ்சை அறுத்தது.

பலூன் சிகிச்சையை 1977-இல் ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாகச் செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ள பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்திருந்தார். மூன்று தமனிகளிலும் அடைப்பு உள்ளவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயும் இருந்தால், பல நேரங்களில் பைபாஸே இன்றும் மேலானது. உடனே பலூன் சிகிச்சை செய்ய வசதியில்லாத ஊர்களில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி உயிர்காக்கிறது. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வாயு என்று ஐயுற்றாலும் அங்கே போய்விடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஸ்டென்ட் வைத்தால் நோய் தீர்ந்தது என்ற எண்ணம் எங்கள் உறவினர் பலருக்கும் உண்டு. அது ஓர் இடத்தைத்தான் திறந்தது. நோய் எல்லாத் தமனிகளிலும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே உறைகட்டி உண்டாகலாம். அப்பாவின் எல்.டி.எல். 70-க்கும் கீழே இருக்க வேண்டும் என்றார்கள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை அதற்காகத்தான். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை, விட்டு விட்டுப் போட்ட ரத்த அழுத்த மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட், 90 சென்டிமீட்டரை எப்போதோ தாண்டிவிட்ட இடுப்பு ஆகிய நான்கும் எங்கள் கண்முன்னேதான் இருந்தன.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இந்நோய் வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. எனக்கு 29 வயது. ஆனி மாதம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன், எல்.டி.எல். 148. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தி மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். புரட்டாசியில் போக வேண்டும். அப்பாவும் உடன் வருகிறேன் என்கிறார்.