ஒன்றுக்குப் பதினொன்று

வாழைச்சேனைத் துறைமுகத்தில் இன்று காலை ஓர் ஆழ்கடல் படகு புறப்படத் தயாராகி நின்றது.

வலை ஏற்றியாயிற்று. டீசல் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது.

“இவ்வளவும் எதுக்கு மாமா?”

“போறதுக்கில்ல மனே, திரும்பி வாறதுக்கு.”

எனக்கு 1982 ஃபோக்லாந்துப் போர்தான் ஞாபகம் வந்தது. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் அந்தத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொள்ள, பிரிட்டன் மீட்கப் போன போர். பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். நடுவழியில் அசென்ஷன் தீவு இருந்ததால் பிழைத்தார்கள். அங்கிருந்தும் ஒரேயொரு வல்கன் விமானம் போய்க் குண்டு போட்டுத் திரும்ப, 11 விக்டர் விமானங்கள் எரிபொருள் சுமந்து பறந்தன.

போட்ட 21 குண்டுகளில் ஃபோக்லாந்து ஓடுபாதையில் விழுந்தது ஒன்றுதான். சரி, அது வேறு கதை.

அப்புறம் 1985இல் பிரிட்டன்காரர்கள் ஃபோக்லாந்துத் தீவிலேயே மவுண்ட் பிளெசன்ட் விமானத்தளத்தைத் திறந்துவிட்டார்கள். இனியொரு தடவை பறிபோனால் மீட்க அவ்வளவு தூரம் போக முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

மாமாவிடம் கேட்கத் திரும்பினேன். அவர் ஐஸ் ஏற்றப் போய்விட்டார்.