நாம் கப்பலேறியதால்தான் மோல்மேன் சரிந்ததா?

நம் சங்கத்துக் கூட்டங்களில், பர்மாவில் நாம் வளர்ந்த மோல்மேன் ஊரைப் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "1964இல் நம்மவர்கள் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், அதோடு மோல்மேன் படுத்துவிட்டது." போன பொங்கல் சந்திப்பிலும் ஒருவர் இதைச் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதால் என் மறுப்பை இங்கே எழுதிவிடுகிறேன். நேரில் சொன்னால் சாப்பாட்டுப் பந்தியில் சண்டை வரும்.

மோல்மேன் நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே படுத்துவிட்ட ஊர். ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகஸ்தர் வீட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் நாம். அவர் பழைய கோட்டு மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இன்னும் வேலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

நம் பள்ளியின் மாடி ஜன்னல் நினைவிருக்கிறதா? மேற்கே ஆறு, அதற்கப்பால் பிலூஜுன் தீவு, வடக்கே எதிர்க்கரையில் மார்த்தபான். சல்வீன், ஜைங், அத்தரான் மூன்றும் நம் கண்ணெதிரே கூடின. பூகோள வாத்தியார் இந்த மூன்றையும் வரையச் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டினார். ஆனால் அந்தப் படத்துக்குள்ளேதான் ஊரின் ஜாதகமே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

பழைய துறைமுகம் எதிர்க்கரை மார்த்தபான்தான். பெரிய மண்சாடிகளுக்கு உலகமெங்கும் பெயர்போன ஊர். 1541இல் பர்மிய மன்னன் தபின்ஷ்வேதி அதைப் பிடித்துச் சூறையாடிய பிறகு பழைய பெருமை திரும்பவில்லை. 1826இல் முதல் ஆங்கில-பர்மியப் போரை முடித்த யந்தபோ உடன்படிக்கையால் தென்பர்மாவின் தெனாசரிம் கரை ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சல்வீன் ஆறு எல்லையாயிற்று. மார்த்தபான் பர்மிய அரசரிடம் இருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் மோல்மேனில் தலைமையிடத்தை அமைத்தார்கள். அவர்களோடு மதராஸ் பட்டாளம் வந்தது. பின்னாலேயே வியாபாரிகளும் வட்டிக்கடைக்காரர்களும் வந்தார்கள். இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகளையும் கொண்டுவந்து ரோடு போட வைத்தார்கள். நம்மில் எவர் குடும்பக் கதையிலும் கைதித் தாத்தா வருவதில்லை, கவனித்தீர்களா? எல்லோருடைய தாத்தாவும் வியாபாரம் செய்யத்தான் வந்திருக்கிறார்.

ஊரைத் தூக்கி நிறுத்தியது தேக்கு. மேலே கரென்னி மலைகளிலும் சயாம் பக்கமும் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி அனுப்ப முடியாது, பாறையும் சுழலும் உடைத்துவிடும். அதனால் கட்டைகளை ஒவ்வொன்றாக வெள்ளத்தில் விட்டுவிடுவார்கள். கீழே கியோடானில் ஆற்றின் குறுக்கே கனத்த கயிறு கட்டி அவற்றைத் தடுத்துப் பிடித்து, சொந்தக்காரர் முத்திரை பார்த்துப் பிரித்து, அப்புறம்தான் தெப்பம் கட்டி மோல்மேனுக்கு ஓட்டி வருவார்கள். கரையில் யானைகள் அடுக்கும். பக்கத்திலேயே கப்பல் கட்டும் பட்டறைகள். 1853இல் இங்கே இறக்கிய 'மலாக்கா' என்ற கப்பல் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய், பிறகு ஜப்பானுக்கு விலையாகி 'சுகுபா' என்ற பெயரில் ஓடியது. ஆக, 1942 ஜனவரி 31இல் ஜப்பான்காரன் மோல்மேனைப் பிடிக்க வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மூர்த் தேக்கு அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சரி, சரிவு எப்போது? 'மலாக்கா' ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வருஷமே என்பேன். 1852இல் இரண்டாம் ஆங்கில-பர்மியப் போரில் ரங்கூனும் பெகுவும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தன. 1862இல் ரங்கூன் தலைநகரமானது. ரங்கூனுக்குப் பின்னால் ஐராவதி இருந்தது, நீராவிக் கப்பல் நூற்றுக்கணக்கான மைல் உள்நாட்டுக்குள் போய் நெல்லைக் கொண்டுவரும். சல்வீன் ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் நீளம் என்று பெயர்தான், கப்பல் போவது கடைசி நூறு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் பாறை. முகத்துவாரத்தில் மணல்திட்டு வேறு. மரக்கப்பலுக்குப் பதில் இரும்புக் கப்பல் வந்ததும் பட்டறைகளும் ஓய்ந்தன. 1907இல் ரங்கூனிலிருந்து ரயில் வந்தது, அதுவும் மார்த்தபானோடு நின்றுகொண்டது. மூட்டை முடிச்சோடு இறங்கிப் படகு மாறிய அந்தக் கூத்து நம் காலத்திலும் தொடர்ந்தது.

1889இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் வந்து, சொற்ப நேரம் தங்கி, ஒரு கவிதையில் ஊரை ஏற்றிவிட்டுப் போனார். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு இது தாய்வழி ஊர். தாயாரின் குடும்பம் இங்கே தேக்கு வியாபாரம் செய்தது, அவரும் 1926இல் இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்தார். சுற்றுலா வழிகாட்டிகள் இந்த இரண்டு பேரைத் தாண்டுவதில்லை. நெல் மூட்டை சுமந்த ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்குக் கூலிகளைப் பற்றிக் கேட்டால் ஒரு வரி கிடைக்காது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டைக் கணக்கெடுக்கும் கணக்குப்பிள்ளை. ஆனி, ஆடியில் மழை பிடித்தால் விடாது, வருஷத்துக்கு 190 அங்குலத்தை ஒட்டிப் பெய்யும் ஊர். நனைந்த கணக்கு நோட்டை அம்மா அடுப்படியில் காயவைப்பார். அப்போதே அரிசி ஏற்றுமதி அரசு வாரியத்தின் கையில் இருந்தது. மலைக்காடுகள் கிளர்ச்சிக்காரர் கையில் இருந்ததால் தேக்கும் ஒழுங்காக வரவில்லை. கப்பல் வராத வாரங்களில் அப்பா வீட்டில் உட்கார்ந்து பழைய கணக்கையே திருப்பிப் பார்ப்பார். இதெல்லாம் 64க்கு முன்பு.

64இல் நடந்ததைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் வைத்திருந்தது வெறும் காகிதமானது. எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சு முழுக்கக் காலியானது. அந்தப் பெஞ்சுக்காரர்கள் சிலர் பிறகு சென்னை பர்மா பஜாரில் கடை போட்டார்கள் என்று கடிதம் வந்தது. மறு வருஷம் பள்ளியையும் அரசு எடுத்தது, பெயர் போய் எண் வந்தது. கடைத்தெருவுக்கு அது பெரிய அடிதான். ஆனால் துறைமுகத்துக்கு அடி விழுந்து நூறு வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் போன பிறகும் ஊர் இருக்கிறது. 2005இல் சல்வீன் பாலம் திறந்தது, ரங்கூனிலிருந்து பஸ்ஸில் நேரே ஊருக்குள் இறங்கலாம். 2017இல் பிலூஜுன் தீவுக்கும் பாலம் வந்தது, அதற்கு பர்மிய விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் பெயரை வைத்ததில் அந்தப் பகுதியின் மோன் இன மக்களுக்குக் கோபம். இப்போது ஊருக்குப் பணம் வருவது ஆற்று வழியாக இல்லை. தாய்லாந்தில் மகாச்சாய் மீன் ஆலைகளில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்புவதுதான் கிராமங்களில் சிமெண்டு வீடாக நிற்கிறது. நம் தமிழ்ப் பையன்களும் அந்த வழியில் போகிறார்கள். மண்டலேக்குப் பேச்சு, ரங்கூனுக்குப் பகட்டு, மோல்மேனுக்குச் சாப்பாடு என்று பர்மியர் சொல்வது இன்றும் பொய்யில்லை. கடைசியாகப் போனபோது காலையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸும் மதியம் முருகன் கோயில் அன்னதானமும் சாப்பிட்டேன், இரண்டிலும் குறை சொல்ல முடியவில்லை.

இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், தெரியும். அவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 64க்கு முன் எடுத்த பள்ளிப் படங்களைத் தேடி எடுங்கள். பின்னால் ஆறு தெரிகிற படமாக இருந்தால் எத்தனை பெரிய கப்பல் நிற்கிறது என்று எண்ணி மலர்க் குழுவுக்கு எழுதுங்கள். என் வகுப்புப் படத்தில் சம்பான் என்ற சிறு படகு நாலு இருக்கிறது, கப்பல் ஒன்றுகூட இல்லை.