ரின் மீனும் உழுந்து வடையும்

ஜூன் 8, ஞாயிறு

இலங்கையின் வன்னியிலுள்ள எங்கள் மல்லாவிச் சந்திக் கடைக்குச் செல்லவிருந்த மருமகளிடம் நான் எழுதிக் கொடுத்த துண்டில் "ரின் மீன் 1" என்று இருந்தது. அவள் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "மாமா, ரின் சோப்பு தெரியும், அது என்ன ரின் மீன்?" என்று கேட்டாள். மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, பத்தாம் வகுப்புவரை தமிழ்நாட்டிலேயே படித்தவள் வேறு எப்படி வாசிப்பாள்? தகரத்தில் அடைத்த மீன் அவளுக்கு "டின் மீன்". ஆங்கிலச் சொல்லின் தொடக்க ஒலியை நாங்கள் "வெற்றி" என்னும் சொல்லில் வரும் றகரத்தைப் போல நுனிநாக்கை மேற்பல்லின் பின்னுள்ள அண்ணத்தில் ஒற்றிச் சொல்லுகிறோம் என்றும், அதற்குச் சொல்முதலில் எழுத்தில்லாமையால் ரகரத்தை இரவல் வாங்கினோம் என்றும் அரைமணி நேரம் விளக்கினேன். இலக்கணப்படி டகரமும் ரகரமும் மொழிக்கு முதலில் வாரா. ஆகவே இரு கரைக்காரரும் குற்றவாளிகளே. விளக்கம் முடிந்தபோது கடை பூட்டியிருந்தது. இரவு சொதியோடு சோறு.

ஜூன் 11, புதன்

இன்று பிட்டு. மனைவி அதை "புட்டு" என்றே சொல்லுவாள். திருவிளையாடற் புராணத்தில் இறைவன் மண் சுமந்தது பிட்டுக்குத்தான் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்று மருமகள் குறுக்கிட்டு, அதே திருவிளையாடலை நடத்திக் காட்டும் மதுரையில் அந்த இடத்துக்குப் பெயர் புட்டுத்தோப்பு என்றாள். மாமியும் மருமகளும் ஒரே கட்சியாகிவிட்ட வீட்டில் புராணம் எடுபடாது.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய வழக்கு பெரியது. வடைக்கு ஊறப்போட்ட பருப்பின் போத்தலில் மருமகள் "உளுந்து" என்று எழுதி ஒட்டியிருந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் வீட்டில் இப்படியொரு சீட்டா? சிவப்புப் பேனையால் ளகரத்தை வெட்டி ழகரமாக்கினேன். அவள் தமிழ்நாட்டில் எல்லாக் கடைகளிலும் ளகரமே என்றாள். நான் அலுமாரியிலிருந்து அகநானூற்றை எடுத்து, 86ஆம் பாட்டில் திருமண விருந்தைச் சொல்லும் "உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை" என்னும் அடியை விரலால் தொட்டுக் காட்டினேன். சங்ககாலக் கல்யாண வீட்டிலேயே ழகரம்தான் வெந்திருக்கிறது. அவள் பேசாமல் ஒப்புக்கொண்டாள். எனக்கு உள்ளூரப் பெருமிதம்.

அது வடை வரும்வரைதான் நிலைத்தது. மூன்றாம் தரத்தில் படிக்கும் பேத்தி, கையிலிருந்த வடையைக் கடிக்காமல் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பப்பா, நீங்களும் உளுந்தெண்டுதானே சொல்லுறீங்கள்?" என்றாள். மறுத்தேன். உடனே "வாழைப்பழம்" சொல்லச் சொன்னாள், சொன்னேன். "கோழி" சொல்லச் சொன்னாள், அதையும் சொன்னேன். இரண்டிலும் ளகரமே விழுந்ததாகத் தீர்ப்பாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் கொப்பிகளில் ழகரத்தைத் திருத்தியவனின் நாக்கு, ஒரு நாளும் கொப்பியைப் பார்த்ததில்லைப் போலும். மனைவி சிரித்த சிரிப்பில் சம்பல் கோப்பை கவிழ்ந்தது; அதற்கும் நானே பொறுப்பாம்.

ஜூன் 18, புதன்

பாணைப் "பிரெட்" என்று கேட்டு வாங்கிய மருமகளுக்குக் கடைக்காரர் ஐந்து ரூபாய் கூடுதலாகச் சொன்னதாக மகன் கேலி செய்கிறான். பாண் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் என்று தொடங்கினேன்; எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வேலை வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

மாங்குளத்திலிருந்து உறவினர் ஒருவர் மூன்று சுண்டு பாலைப்பழம் கொண்டுவந்தார். மருமகள் "பாளைப்பழம்" என்றாள். தென்னம்பாளை வேறு, பாலைமரம் வேறு என்று நான் விளக்கிக்கொண்டே பத்துப் பதினைந்து பழத்தை வாயில் போட்டிருந்தேன். தேன்போல் இனிக்கும் அந்த மஞ்சட் பழத்தின் பால், பிசினாக உதட்டில் ஏறும் என்பதை வன்னியிலே பிறந்த நான் மறந்ததுதான் பிழை. என் நிலையைக் கண்ட மனைவி குசினியைப் பார்த்து, "பிள்ளை, மாமாவுக்குக் கொஞ்சம் தேங்கெண்ணை கொண்டு வா" என்று கூப்பிட்டாள். தேங்காயெண்ணெய் என்று திருத்த வாயெடுத்தேன், உதடு பிரியவில்லை.