சத்தம் போடாத கோளாறுகள்

படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை என்று தெரிந்ததும் எல்லோரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பிரிண்டர் ஓடவில்லை, ஃபைல் திறக்கவில்லை, நேற்றுவரை வந்தது இன்றைக்கு வரவில்லை. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது: நின்றுபோகிற இயந்திரத்தைவிட, ஓடிக்கொண்டே தப்பு செய்கிற மென்பொருள்தான் ஆபத்து.

பிரிண்டர் நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பிரிண்ட் நடுவில் சிக்கினால் பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும், கேன்சல் கொடுத்தாலும் சில நேரம் நகராது. விண்டோஸில் பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சேவையை நிறுத்தி, தேங்கிய ஃபைல்களை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், தினமும் ஷட் டவுன் செய்தும் கம்ப்யூட்டர் மந்தமாகவே இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் அடிப்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப ஏறும். முழுசாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது எக்ஸெல். 16 இலக்க எண்ணை நேரடியாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போய்விடும். இரண்டுக்கும் எந்த எச்சரிக்கையும் வராது. அந்தக் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடித்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அதை யார் சொல்லித் தருகிறார்கள்? சில மரபணுக்களின் பெயர்களை எக்ஸெல் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ‘மார்ச்1’ என்பது ‘மார்ச்எஃப்1’ ஆனது. அதே வருடம் இங்கிலாந்தில் பழைய எக்ஸெல் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாமல், 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் விடுபட்டன. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையே அதனால் தாமதமானது. எண்ணையும் பெயரையும் இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி 2023இல்தான் எக்ஸெலில் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

தமிழ் ஃபைல்களின் நிலைமை இன்னொரு மாதிரி. பழைய ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள், அதனால் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கடிதம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும், தமிழில் தேடினாலும் எதுவும் கிடைக்காது. யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை; 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் பழைய ஃபாண்டில் புதுக் கடிதம் அடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரி, யூனிகோடிலேயே இருந்தாலும் சிஎஸ்வி ஃபைலை (அட்டவணையைக் காற்புள்ளி போட்டுப் பிரித்து வைக்கும் வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து எக்ஸெலில் திறந்தால் தமிழ் சில நேரம் சிதைந்துவிடும். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வரும்.

இத்தனை வருட அனுபவம் உள்ள மூத்தவர்கள் ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராதுப்பா’ என்று சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. சொல்லாமல் எண்ணை மாற்றுவது மென்பொருள், பழியை ஏற்றுக்கொள்வது இவர்கள். அதனால்தான் சரிசெய்த ஒவ்வொன்றையும் தமிழில், எந்த மெனு, எந்தப் பட்டன், ஏன் அப்படி ஆயிற்று என்பதோடு எழுதி வைக்கிறேன். காரணத்தைச் சொன்னால் அடுத்த முறை யாரையும் கூப்பிடாமல் அவர்களே செய்துவிடுகிறார்கள். அடுத்து எழுத நினைப்பது பழைய ஃபாண்டில் உள்ள கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றுவது பற்றி. அதில் எழுத்து மாறினாலும் அட்டவணைகள் கலைந்துவிடுகின்றன, அதற்கு நல்ல வழி கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.